வாஷர் வைத்த கம்ப்யூட்டர்

பிப்ரவரி 24

மச்சானுக்கு,

உன் மாமா எழுதுகிறேன். எந்த மாமா என்று யோசிக்காதே. உன் அக்காவைக் கட்டிய குழாய்க்காரன்தான். நீ ஜெயிலுக்குப் போனதிலிருந்து ஒரு வரி எழுதாதவன் இப்போது எழுதுகிறான் என்றால் காரியம் இல்லாமலா என்று நினைப்பாய். சரியாகத்தான் நினைக்கிறாய்.

அக்காவுக்குத் தொண்டையில் கட்டி. நல்ல ஜாதிக் கட்டி இல்லை. குரல்வளையை மொத்தமாக எடுத்தால்தான் ஆள் தப்புவாள் என்று சொல்லிவிட்டார்கள். ஏப்ரல் ஆறாம் தேதி ஆபரேஷன். அதற்குப் பிறகு அவளுக்கு உயிர் இருக்கும், குரல் இருக்காது. சலவைக் கடையில் அத்தனை மெஷினும் ஓடும்போது, தெருவில் போகிறவன் திரும்பிப் பார்க்கிற மாதிரி பேசுகிறவள். இப்போதே பாதி காற்றுதான் வருகிறது.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற அம்மா ஒரு வழி சொன்னார். குரல் போவதற்கு முன்னால் அவள் நிறைய வாசித்துப் பதிவு செய்தால், கம்ப்யூட்டர் அந்தக் குரலைக் கற்றுக்கொள்ளுமாம். பிறகு அவள் தட்டுகிறதை அவள் குரலிலேயே சொல்லுமாம். ஆனால் அதற்குப் பலமான கம்ப்யூட்டர் வேண்டும், கிராபிக்ஸ் கார்டு வைத்தது. ஆஸ்பத்திரியில் இருக்கிற ஒன்றுக்கு மே மாதம் வரை வரிசை நிற்கிறது.

உன் சொந்தச் சாமான் என்று போலீஸ் திருப்பிக் கொடுத்த கம்ப்யூட்டர் பாகங்கள் பெட்டி பெட்டியாகப் பரணில் இருக்கின்றன. நீ உனக்காக ஆசை ஆசையாகச் சேர்த்தவை. இவற்றைப் பூட்டித் தரச் சொல்லிக் கடைத்தெருவில் எல்லாக் கடையும் ஏறி இறங்கிவிட்டேன். யாருடைய சாமான் என்று கேட்டார்கள். எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. ஊரெல்லாம் முன்பணம் வாங்கிக்கொண்டு கம்ப்யூட்டர் கொடுக்காதவன் பெட்டியை நாங்கள் தொட மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். புதிதாக வாங்கலாம் என்றால், என் ஸ்பானரோடு என்னையும் சேர்த்து விற்றாலும் ஆகாது.

ஆகவே நானே கட்டப்போகிறேன். சிரித்து முடித்துவிட்டு மேலே படி.

நேரில் வர எனக்கு அனுமதி இல்லை, ரத்த உறவு இல்லையாம். ஜெயில் போனில் பேச உன் அக்கா கையெழுத்துப் போட வேண்டும். காகிதத்தை நீட்டினேன். அவள் பார்த்த பார்வையில் காகிதம்தான் பற்றிக்கொள்ளவில்லை. அவள் வார்த்தையை நம்பித்தானே சலவைக் கடைக்கு வருகிறவர்கள் உன்னிடம் பணம் கொடுத்தார்கள்? இன்றைக்கும் துணி வாங்க வருகிறபோது கேட்கிறார்கள். “எழுதுங்க. ஆனா நான் எதுவும் சொன்னதா எழுதாதீங்க” என்றாள். எழுதவில்லை.

மகளுக்கு மூன்று வயது ஆகிறது. அம்மா பேசிக்கொண்டே இருந்தால்தான் தூங்குவாள். நான் பாடினால் எழுந்து உட்கார்ந்து அழுகிறாள். எனக்காகச் செய்ய வேண்டாம், அவளுக்காகச் சொல்லிக் கொடு.

மாமா


மார்ச் 3

மாமா,

சிரிக்கல. உறை ஒட்டுற கூடத்துல வச்சுப் படிச்சேன். அன்னைக்கு நான் ஒட்டின உறை ஒண்ணும் ஒட்டவே இல்லன்னு திட்டு வாங்கினேன்.

அக்காவுக்கு இருமல் எப்பவுமே உண்டே, ஏன் முன்னாடியே பாக்கலன்னு மூணு தடவை எழுதிக் கிழிச்சுட்டேன். கேக்குற யோக்யதை எனக்கு இல்ல. விடுங்க.

பெட்டிங்களைப் பிரிங்க. மேஜை மேல கம்பளம், போர்வை எதுவும் விரிக்காதீங்க, வெறும் மரம் போதும். எதைத் தொடுறதுக்கு முன்னாடியும் இரும்பு ஜன்னல் கம்பியை ஒரு தடவை தொடுங்க. உடம்புல இருக்கிற மின்சாரம் இறங்கணும், இல்லேன்னா சாமான் செத்துடும், செத்தது வெளிய தெரியாது.

பெரிய பச்சைப் பலகைதான் மதர்போர்டு. நடுவுல ஒரு சதுரம், அதுக்கு ஒரு கம்பி தாழ்ப்பாள். திறந்தா உள்ள தங்க முடி மாதிரி நூத்துக்கணக்குல முள்ளு. அதுல ஒண்ணு வளைஞ்சாலும் கதை முடிஞ்சுது. புராசஸர்னு சின்ன சதுரம் இருக்கும், மூலையில ஒரு முக்கோணப் புள்ளி. பலகையிலயும் அதே புள்ளி. புள்ளிக்கு மேல புள்ளி வச்சு விட்டுடணும். அமுக்கக் கூடாது. மாமா, பைப்பு திருகுற கையை வாசல்லயே கழட்டி வச்சுட்டு வாங்க.

அது மேல சூட்டைக் கடத்துற வெள்ளிக் களிம்பு, ஒரு பட்டாணி அளவு. அது மேல ஃபேன். அப்புறம் ராம்னு ஒரு நீளப் பட்டை, ரெண்டு பக்கமும் ‘டக்’னு சத்தம் வர்ற வரைக்கும். பிறகு பலகையைக் கேபினெட்டுக்குள்ள வைக்கணும். அதை வார்த்தையில சொல்றது கஷ்டம். மூணாவது பக்கத்துல படமே வரைஞ்சுட்டேன், எந்த ஒயர் எங்கன்னு, எதை முதல்ல மாட்டணும்னு. அதைச் சுவத்துல ஒட்டி வச்சுக்கோங்க.

அக்கா ஏதாவது சொன்னாளா? பெருசா எதுவும் வேண்டாம். திட்டா இருந்தாலும் சரி, ஒரே ஒரு வார்த்தை.

குட்டிப் பிசாசுக்கு முத்தம். குட்டிப் பிசாசு வளந்துட்டாளா?

மச்சான்


மார்ச் 10

மச்சான்,

முதலில் ஒன்று. என் மகளைக் குட்டிப் பிசாசு என்று எழுதாதே. அவளுக்கு அம்மாவும் அப்பாவும் சேர்ந்து வைத்த நல்ல பெயர் இருக்கிறது.

இரண்டாவது, உன் மூன்றாம் பக்கம் வரவில்லை. அதற்குப் பதில் ஒரு துண்டுச் சீட்டு வந்தது. ‘ஒயர்களுடன் கூடிய சந்தேகத்துக்குரிய வரைபடம். நிறுத்திவைக்கப்பட்டது.’ நீ வரைந்த கம்ப்யூட்டர் அந்த அதிகாரிக்கு வெடிகுண்டாகத் தெரிந்திருக்கிறது. பள்ளிக்கூடத்தில் நீ வரைந்த பசுவை வாத்தியார் மேஜை என்று சொன்னதாக உன் அக்கா ஒருமுறை சிரித்திருக்கிறாள், ஆகவே அதிகாரியையும் குறை சொல்ல முடியாது.

படம் இல்லாமலே செய்துவிட்டேன். காத்திருந்தால் உன் பதில் வருவதற்குள் இவள் குரல் இன்னும் ஒரு படி இறங்கிவிடும். போன வாரம் பக்கத்து அறையிலிருந்து கூப்பிட்டால் கேட்டது. இந்த வாரம் தட்டைத் தட்டிக் கூப்பிடுகிறாள்.

புராசஸரை வைக்கும்போது மூச்சு விடவில்லை. இருபது வருஷம் கழிவுநீர்க் குழாயில் விட்ட கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் அந்தத் தங்க முள்ளுக்கு மேலே கொண்டுபோனேன். புள்ளிக்கு மேல் புள்ளி உட்கார்ந்தது. களிம்புதான், பட்டாணி அளவு என்றால் எந்த ஊர்ப் பட்டாணி என்று சந்தேகம் வந்தது. குழாய் இணைப்பில் பூசுகிற மாதிரி, கசிவு வராமல் நான்கு பக்கமும் தாராளமாகப் பூசிவிட்டேன். ஃபேனை அழுத்தியபோது ஓரத்தில் பிதுங்கி வந்தது. வழித்துவிட்டேன்.

பலகையைக் கேபினெட்டில் வைத்து முடுக்கிவிட்டேன். இரும்போடு இரும்பு உரசினால் எனக்குத் தூக்கம் வராது, அதனால் ஒவ்வொரு திருகுக்கும் ஒரு வாஷர் கொடுத்திருக்கிறேன். ஆடாது, அசையாது. பூகம்பம் வந்தால் வீடு விழும், பலகை நிற்கும்.

இனி ஒயர்கள். குடல் மாதிரி கிடக்கின்றன. படம் போடாமல், வார்த்தையில் எழுது.

அவள் எதுவும் சொல்லவில்லை. கேட்டாயே என்று சொல்கிறேன்.

மாமா


மார்ச் 16

மாமா!

களிம்பைக் குழாய்க்குப் பூசுற மாதிரியா? படிச்சுட்டுத் தலையில அடிச்சுக்கிட்டேன், பக்கத்துல இருந்தவன் யாரோ செத்துட்டாங்கன்னு நெனச்சு தண்ணி குடுத்தான். ஃபேனைக் கழட்டுங்க. மெல்லிசு துணியால துடைங்க. பட்டாணின்னா பட்டாணி. உங்க மகளோட சுண்டுவிரல் நகம் அளவுன்னு வச்சுக்கோங்க.

ஒயர் சொல்றேன். எல்லாத்திலயும் அகலமானது பலகையோட வலது ஓரத்துல. சின்ன சதுரத் தலை இருக்கிறது புராசஸருக்குப் பக்கத்துல, மேல் மூலையில. இதைத்தான் எல்லாரும் மறப்பாங்க. கிராபிக்ஸ் கார்டுன்னா ரெண்டு ஃபேன் வச்ச கனமான செங்கல் மாதிரி இருக்குமே, அது. அதை நீளமான பள்ளத்துல நேரா இறக்கணும், ‘டக்’னு சத்தம் வரணும். அதுக்கும் தனியா ஒரு ஒயர் உண்டு. மானிட்டர் ஒயரைக் கார்டோட பின்பக்கம் குத்துங்க, பலகையில குத்தாதீங்க. டிஸ்க்குல விண்டோஸ் நான் அப்பவே போட்டு வச்சிருக்கேன். ஆன் பண்ணினா போதும்.

மாமா, ஒண்ணு சொல்றேன், கோபப்படாதீங்க. இந்த கம்ப்யூட்டரை நான் எனக்குக் கட்டலாம்னுதான் ஒவ்வொண்ணா வாங்கினேன். எந்தெந்தக் காசுல வாங்கினேன்னு கோர்ட்டுக்கு வேணா தெரியாம இருக்கலாம், எனக்குத் தெரியும். இது அக்கா குரலைப் பேசினா, அதுதான் அது செய்யப்போற ஒரே நல்ல காரியம். செத்துடாம பாத்துக்கோங்க.

தேதி நெருங்குது. இங்கிருந்து கடிதம் வெளிய போகவே நாலஞ்சு நாள் ஆகுது. சுவத்துல முட்டிக்கிட்டா கொஞ்சம் சீக்கிரம் போகும்னா முட்டிப்பேன்.

நல்ல பேரு இருக்கட்டும். எனக்கு அவ குட்டிப் பிசாசுதான். குட்டிப் பிசாசுக்கு முத்தம்.

மச்சான்


மார்ச் 23

மச்சான்,

ஆன் செய்துவிட்டேன். உயிர் வந்தது. விளக்கு எரிந்தது, எல்லா ஃபேனும் சுற்றியது. மகள் கை தட்டினாள், நானும் தட்டினேன். மானிட்டர் மட்டும் கறுப்பு. ‘சிக்னல் இல்லை’ என்று எழுதிக் காட்டிவிட்டு அதுவும் தூங்கிவிடுகிறது.

நீ சொன்ன ஒயர் எல்லாம் நீ சொன்ன இடத்தில்தான் இருக்கிறது. புராசஸர் பக்கத்துச் சதுரத் தலையும் போட்டேன். களிம்பைத் துடைத்து, மகளின் நகத்தைப் பிடித்து வைத்து அளந்து போட்டேன். ராமைக் கழற்றி மாட்டினேன். எதிர்வீட்டிலிருந்து வேறு மானிட்டர் கடன் வாங்கி வந்தேன். அதுவும் கறுப்பு. கார்டு இறங்கும்போது ‘டக்’ என்று வரும் என்றாய், எனக்குக் கேட்கவில்லை. குழாயைத் தட்டித் தட்டி என் காது மந்தமாகிவிட்டது என்று விட்டுவிட்டேன். என்னால் ஆனது எல்லாம் செய்துவிட்டேன். கடைசியில் ஒரு அறைகூடக் கொடுத்துப் பார்த்தேன், என் தொழிலில் சில பம்புகள் அதற்குக் கட்டுப்படும்.

நேற்று உன் கடிதத்தைச் சத்தமாக வாசித்துக்கொண்டே ஒயரைச் சரி பார்த்தேன். ‘இடது ஓரம்’ என்று வாசித்துவிட்டேன். பின்னால் நின்றுகொண்டிருந்தவள், “வலதுன்னு எழுதியிருக்கான்” என்றாள். அவள் உன் கடிதத்தைத் தொட்டு நான் பார்த்ததே இல்லை. எப்போது படித்தாள், எனக்குத் தெரியாது. நான் திரும்பிப் பார்ப்பதற்குள் போய்விட்டாள். நீ ஒரு வார்த்தை கேட்டாய். உன்னிடம் சொன்னது இல்லை, உன்னைப் பற்றிச் சொன்னது. அதுவும் பாதி காற்று.

மத்தியானம் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். “போதுங்க. விடுங்க. இருக்கிற நாலு நாள் உங்ககூடவும் குழந்தைகூடவும் பேசிட்டுப் போறேன். அந்தப் பெட்டி மூஞ்சியையே பாத்துட்டு இருக்கீங்க” என்றாள். நியாயம்தான். நான் ஏன் விட மாட்டேன் என்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. என் வாழ்க்கையில் நான் அடைத்த கசிவு ஆயிரம் இருக்கும். இது ஒன்று ஒழுகிக்கொண்டே இருக்கிறது, எந்தப் பக்கம் கை வைப்பது என்று தெரியவில்லை மச்சான்.

இதைச் சோதித்துப் படிக்கிற அதிகாரி ஐயா அவர்களுக்கு: நாங்கள் குண்டு செய்யவில்லை. இவனுடைய அக்காவுக்கு ஏப்ரல் ஆறாம் தேதி குரல் போகிறது. இந்தக் கடிதம் உங்கள் மேஜையில் தங்கினால், இங்கே எல்லாம் முடிந்துவிடும். உங்கள் வீட்டில் குழாய் ஒழுகினால் ஆயுசுக்கும் சும்மா செய்து தருகிறேன். இதை லஞ்சம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், அந்த அளவுக்கு எனக்கு விவரம் போதாது.

மாமா


மார்ச் 31

மாமா,

உங்க கடிதம் இன்னைக்குக் காலையில வந்துது. என்னைக் கூப்பிட்டு அந்த அதிகாரியே கையில குடுத்தாரு. உடனே எழுது, சாயங்காலம் வாங்கிக்கிறேன்னாரு.

உங்க பழைய கடிதத்தையெல்லாம் தரையில பரப்பி வச்சு மறுபடி மறுபடி படிச்சேன். உங்ககிட்டக் கேள்வி கேட்டு, பதில் வாங்கி, மறுபடி எழுத நேரம் இல்ல. அதனால உங்க மண்டைக்குள்ள பூந்து பாத்தேன். உள்ள நிறைய இடம் காலியாத்தான் இருந்துது, தேடுறது சுலபமா போச்சு.

‘ஒவ்வொரு திருகுக்கும் ஒரு வாஷர் கொடுத்திருக்கிறேன்.’

அன்னைக்குப் படிச்சப்ப திருகுக்கு மேல போட்டிருக்கீங்கன்னு நெனச்சேன். மேல இல்ல. பலகைக்கு அடியில போட்டிருக்கீங்க. குழாய் ரப்பர் வாஷர். ஆமாவா இல்லையா? ஆமான்னு வச்சுக்கிட்டு எழுதறேன். தப்பா இருந்தா அக்கா குரல் போச்சு, நான் செத்தேன்.

கேபினெட்டு கூட ஒரு சின்னப் பையில பித்தளைக் கால்கள் இருந்திருக்கும், கட்டை விரல் நகம் உயரத்துல. அதை முதல்ல கேபினெட்ல திருகி, அது மேலதான் பலகையை வைக்கணும். அதை அந்தப் படத்துப் பக்கத்துலதான் எழுதியிருந்தேன். படம் போச்சு, அதுவும் போச்சு, நானும் மறந்துட்டேன். கால் இல்லாம வச்சிருந்தா இரும்பு பட்டுப் பலகை கருகியிருக்கும். உங்க ரப்பர் வாஷர்தான் அதைக் காப்பாத்தியிருக்கு! எந்தப் புத்தகத்துலயும் இல்லாத வைத்தியம் மாமா. ஆனா வாஷர் உயரம் பத்தாது. பலகை தாழ்ந்து போச்சு. அதனால கார்டு கேபினெட்டுத் தகரத்துல இடிச்சுக்கிட்டுப் பள்ளத்துல பாதிதான் இறங்கியிருக்கு. ‘டக்’ கேக்காதது உங்க காதுல குறை இல்ல. டக்கே வரல.

எல்லாத்தையும் கழட்டுங்க. வாஷரை எடுங்க. பித்தளைக் கால், பலகை, திருகு, கார்டு. டக்.

அக்கா என் கடிதத்தைப் படிச்சான்னு எழுதியிருக்கீங்க. அந்த வரியை மட்டும் தனியா மடிச்சு வச்சிருக்கேன்.

ஓடுங்க. குட்டிப் பிசாசுக்கு முத்தம்.

மச்சான்


ஏப்ரல் 19

மச்சான்,

அவள் பிழைத்துவிட்டாள். இதை முதலில் எழுதிவிட்டேன், இனி நிதானமாகப் படி.

உன் கடிதம் நான்காம் தேதி வந்தது, விரைவுத் தபால் முத்திரையோடு. உறை ஒட்டுகிறவனுக்கு அந்த முத்திரை ஏது? யாருடைய வேலை என்று எனக்குத் தெரியும். அவர் வீட்டுக் குழாய் விஷயத்தில் நான் சொன்ன சொல் சொல்தான்.

பித்தளைக் கால் பையை மகள் பொம்மைச் சாமானோடு வைத்துச் சமைத்துக்கொண்டிருந்தாள். ‘உபரி’ என்று நான்தான் அவளிடம் கொடுத்திருந்தேன். ஒன்று கட்டிலுக்கடியில் கிடைத்தது. கழற்றினேன், மாட்டினேன், கார்டை இறக்கினேன். டக். அந்தச் சத்தம் இவளுக்கும் கேட்டது. அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். திரை வெளிச்சமானது. நான் தரையில் உட்கார்ந்து அழுதேன், அதை மகள் இப்போதும் நடித்துக் காட்டுகிறாள்.

ஐந்தாம் தேதி காலையில் பயிற்சி அம்மா வீட்டுக்கே வந்து மென்பொருளைப் போட்டு, மைக்கை வைத்துக் கொடுத்தார். மறுநாள் ஆபரேஷன். வாசிக்க வேண்டிய வாக்கியங்கள் திரையில் வந்தன. ‘அமைச்சர் நாளை பாலத்தைத் திறந்து வைக்கிறார். ஏற்றுமதி கணிசமாக உயர்ந்துள்ளது.’ உன் அக்கா கொஞ்ச நேரம் வாசித்தாள். பிறகு மைக்கைத் தள்ளிவிட்டாள். “எனக்கு எந்த அமைச்சர்கிட்டப் பேசணும்? வீட்டுல பேசுற மாதிரி ஏதாவது குடுங்க” என்றாள். என்ன வேண்டுமானாலும் வாசிக்கலாம், கம்ப்யூட்டருக்கு எல்லாம் ஒன்றுதான், காற்றுச் சத்தத்தையும் அதுவே கழித்துவிடும் என்றார் பயிற்சி அம்மா. எங்கள் வீட்டில் புத்தகம் ஏது? மோட்டார் பம்பு விலைப்பட்டியல் இருந்தது. அதை நீட்டினேன். அவள் அதைப் பார்க்கவே இல்லை. எழுந்து போய் அலமாரியிலிருந்து உன் கடிதங்களை எடுத்துக்கொண்டு வந்தாள்.

வாசித்தாள் மச்சான். முதலிலிருந்து கடைசி வரை. வெந்நீரைக் குடித்துக் குடித்து, தொண்டையைப் பிடித்துக்கொண்டு வாசித்தாள். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. ‘மாமா, பைப்பு திருகுற கையை வாசல்லயே கழட்டி வச்சுட்டு வாங்க.’ அதற்குச் சிரித்துவிட்டாள், அந்தப் பதிவு கெட்டுப்போனது, மறுபடி வாசித்தாள். ‘கேக்குற யோக்யதை எனக்கு இல்ல’ என்ற இடத்தில் நின்றாள். அந்த வாக்கியத்தை அவள் பதிவு செய்யவில்லை. அதைத் தாண்டிப் போனாள். பொழுது சாயும்போது குரல் முழுக்கக் காற்றாகிவிட்டது. போதும் என்று பயிற்சி அம்மா சொல்லிவிட்டார். கேட்ட அளவில் பாதிகூட ஆகவில்லை.

அதனால் கம்ப்யூட்டர் பேசுகிற குரல் முழுசாக அவள் குரல் இல்லை. உள்ளதைச் சொல்கிறேன். சில வார்த்தைக்கு ரேடியோ மாதிரி இரைகிறது, சிலதுக்கு யாரோ அந்நியப் பெண் வந்து பேசுகிற மாதிரி இருக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் நாள் கேட்டுவிட்டு அவள் மூடி வைத்துவிட்டாள். கழுத்தில் ஓட்டையும் துணியுமாகச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். இதற்காகவா இத்தனை பாடு என்று நானும் வெளியே போய் நின்றேன். மகள் அவள் பக்கத்தில் போகவே இல்லை. பேசாத அம்மாவைப் பார்த்துப் பயந்துவிட்டது குழந்தை. நான்கு நாள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டே தூங்கினாள்.

நேற்று உன் அக்கா எழுந்து உட்கார்ந்து எதையெதையோ தட்டிப் பார்த்தாள். உன் கடிதத்தில் இருந்த வார்த்தைகள் மட்டும் சுத்தமாக வந்தன. ‘மாமா’ என்பது அச்சு அசல். என்னை அவள் ஒரு நாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை, கேட்டுவிட்டு எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. ‘பட்டாணி’ நன்றாக வருகிறது. ‘பித்தளை’ நன்றாக வருகிறது. மகளுக்கு நாங்கள் வைத்த நல்ல பெயர் மட்டும் வாயில் துணி வைத்த மாதிரி வருகிறது. மூன்று தடவை தட்டினாள். குழந்தை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பிறகு அவள் என்னைப் பார்த்தாள். குனிந்து வேறு ஏதோ தட்டினாள்.

“குட்டிப் பிசாசு.”

அவள் குரல் மச்சான். சலவைக் கடைக் குரல், கட்டி வருவதற்கு முந்தைய குரல். குழந்தை கையிலிருந்த கரண்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தது. முதலில் பெட்டியிடம்தான் ஓடியது, அதன் பின்பக்கம் எட்டிப் பார்த்தது. பிறகுதான் அம்மா மடியில் ஏறியது. நேற்று முழுவதும் இந்த வீட்டில் இருபது தடவையாவது அந்தப் பெயர்தான். இனி நீ அவளை அப்படிக் கூப்பிடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. என் ஆட்சேபத்தை இங்கே யாரும் கேட்கவும் இல்லை.

இன்னும் ஒன்று. பதிவு செய்த அன்றைக்குக் கடைசிக் கடிதத்தின் கடைசி வரியையும் வாசித்து முடித்த பிறகு, மைக்கை அணைக்க நான் கை நீட்டினேன். என் கையைத் தடுத்துவிட்டாள். உன் காகிதங்களை அடுக்கி மடியில் வைத்துக்கொண்டாள். அப்புறம் சொன்னாள், “டேய்.” அதற்கு மேல் வரவில்லை. குரல் வரவில்லையா, வார்த்தை வரவில்லையா என்று நான் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அவள் எதுவும் சொல்லவில்லை, மறுநாள் விடியற்காலையில் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டோம்.

வாக்கியம் இல்லை, இதை நீக்கிவிடலாம் என்றார் பயிற்சி அம்மா. நான் விடவில்லை. தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். நீ கேட்டது ஒரு வார்த்தை. அது கம்ப்யூட்டர் செய்த குரல் இல்லை, அவள் சொந்தத் தொண்டையில் கடைசியாக வந்தது. காகிதத்தில் அனுப்ப முடியாது, அதிகாரியாலும் முடியாது. நீ வந்துதான் கேட்க வேண்டும்.

போன் காகிதத்தில் இன்று அவள் கையெழுத்துப் போட்டிருக்கிறாள், இத்துடன் வைத்திருக்கிறேன். நீ கூப்பிட்டால் பெட்டிதான் பேசும். பாதி புரியாது, பொறுத்துக்கொள்.

வாஷர்களைத் தூக்கிப் போடவில்லை. பெட்டிக்கு அடியில் நான்கு மூலைக்கும் கொடுத்திருக்கிறேன். ஆடாது.

மாமா